சறுக்கு வானூர்திக் கழகம்

சறுக்கு வானூர்திக் கழகம் (கிளைடிங் கிளப்) என்பது இயந்திரம் இல்லாத வானூர்திகளில் பறப்பவர்களும் பறக்கக் கற்பவர்களும் கூடி நடத்தும் அமைப்பு ஆகும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்பவர்கள் என்பதால், பல கழகங்கள் சனி, ஞாயிறு ஆகிய நாட்களிலேயே முழுமையாக இயங்குகின்றன. இயந்திர வானூர்தியை ஒருவர் தனியாகவே எடுத்துச் செல்லலாம். சறுக்கு வானூர்தியைத் தரையிலிருந்து எழுப்புவதற்கோ நான்கைந்து பேர் வேண்டும். இக்கழகங்களின் சமூக வாழ்க்கை முழுவதும் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே.

தோற்றம்

முதல் உலகப் போருக்குப் பின் 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, செருமனியின் இயந்திர வானூர்திகள் மீது கடும் கட்டுப்பாடு விதித்தது. இளைஞர்கள் இயந்திரமற்ற பறத்தலை நாடினர். 1920இல் வாசர்குப்பே மலையில் போட்டிகள் தொடங்கின. 1922 ஆகத்து மாதம் ஆர்தர் மார்ட்டென்சு என்பவர் அனோவர் மாணவர்கள் உருவாக்கிய வானூர்தியில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் பறந்து காட்டினார். இங்கிலாந்தின் டன்சுடபிள் நகரருகே உள்ள இலண்டன் கழகம் 1930இல் நிறுவப்பட்டது.

இந்தியாவில்

புனே நகரின் அடப்சர் பகுதியில் 1950ஆம் ஆண்டு அரசின் சறுக்கு வானூர்தி மையம் அமைந்தது. குடிசார் வானூர்தித் துறையின் தொழில்நுட்ப மையம் வடிவமைத்த வானூர்திகளுக்கு நட்சத்திரப் பெயர்கள் சூட்டப்பட்டன. எசு. இராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி 1958இலும், ரோகிணி 1961இலும் முதன்முதலாகப் பறந்தன. ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். மாணவரின் முகத்தையும் கையையும் ஒருசேரக் காண முடிவது பயிற்சிக்கு ஏற்றதே.

எழுப்புதலும் மிதத்தலும்

ஓடுதளத்தின் மறுமுனையில் உள்ள இழுவைப்பொறி (வின்ச்) ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தை வேகமாகச் சுருட்டும். நூலில் கட்டிய பட்டம் போல வானூர்தி செங்குத்தாக ஏறி, 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் வடத்தை விடுவிக்கும். மேலெழும் காற்று கிடைக்காவிடில் ஐந்தாறு நிமிடங்களில் தரைக்கு வர வேண்டியதுதான்.

வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று தெர்மல் எனப்படும். தமிழ்நாட்டில் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களின் மேல், நண்பகலில் சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்துகளைப் பார்த்தவர்கள் இதன் விளைவை அறிவர். கமண்டல நாகநதியின் வறண்ட மணலும், பயிரற்ற வயல்களும், பாசன ஏரியின் நீர்ப்பரப்பைவிட விரைவாகச் சூடேறுகின்றன. விமானியும் பருந்தைப் போலவே அக்காற்றுக்குள் வட்டமிட்டு உயர்கிறார். பருந்து இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும் விமானிகளும் உண்டு.

கழகத்தின் ஒரு நாள்

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து வானூர்திகளைக் கையால் தள்ளி வருவதில் நாள் தொடங்குகிறது. ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துச் சமநிலையில் நிறுத்துவார். இன்னொருவர் வடத்தை மாட்டுவார். மூன்றாமவர் இழுவைப்பொறிக்குச் சைகை காட்டுவார். வேறொருவர் ஒவ்வொரு பறத்தலின் நேரத்தையும் ஏட்டில் எழுதுவார். மருத்துவரின் இறக்கையைக் கல்லூரி மாணவர் பிடிப்பதும், பிறகு மாணவரின் இறக்கையை மருத்துவர் பிடிப்பதும் இங்கு இயல்பு. சில நிமிடப் பறத்தலுக்காக நாள் முழுவதும் வெயிலில் நிற்க விரும்பாதவர் விரைவில் விலகிவிடுவார்.

இந்த ஒழுங்கில் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியுள்ளது. ஏறும்போது வடம் அறுந்தால், வேகம் குறையுமுன் மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். அதனால் தனியாகப் பறக்க அனுப்பும் முன் மாணவருக்கு இதைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பர். ஆபத்தைக் காணும் எவரும், புதிதாகச் சேர்ந்தவராயினும், "நிறுத்து" என்று குரல் கொடுக்கலாம். மூத்த விமானியும் அதற்குக் கட்டுப்பட்டவரே.

மாலையில் காற்று அடங்கியபின் தேநீருடன் அன்றைய பறத்தல்கள் அலசப்படும். உயரங்கள் அப்போது சற்றே கூடிவிடுவது எல்லா நாட்டுக் கழகங்களிலும் உண்டு. நெடுந்தொலைவு சென்றவர் மேலெழும் காற்று கிடைக்காமல் ஏதேனும் ஒரு வயலில் இறங்கிவிட்டால், நண்பர்கள் இழுவண்டியுடன் தேடிச் சென்று, வானூர்தியின் இறக்கைகளைக் கழற்றி ஏற்றி வருவர். மீட்கப்பட்டவர் அவர்களுக்கு இரவு உணவு வாங்கித் தருவது பல நாடுகளில் வழக்கம். செருமனியில், முதன்முறை தனியாகப் பறந்து இறங்கியவரின் பின்புறத்தில் உறுப்பினர்கள் வரிசையாக அடிப்பர். காற்றின் ஏற்றத்தை இருக்கையின் வழியே உணரும் நுண்மை அதனால் கூடுமாம்!

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வெள்ளிச் சின்னம் பெற 50 கிலோமீட்டர் தொலைவு கடத்தல், 1000 மீட்டர் உயரம் ஈட்டல், 5 மணி நேரம் பறத்தல் ஆகிய மூன்றையும் நிறைவேற்ற வேண்டும்.

இடச் சிக்கல்

ஓடுதளத்துடன் சுற்றிலும் திறந்த வெளியும் இக்கழகங்களுக்குத் தேவை. வடம் அறுந்தாலோ உயரம் போதாவிட்டாலோ இறங்குவதற்கு அந்த வெளியே துணை. ஒருகாலத்தில் நகருக்கு வெளியே இருந்த அடப்சர், இன்று புனேயின் நெருக்கமான பகுதிகளுள் ஒன்று. கட்டடங்கள் சூழ்ந்த களத்தில் விமானி தன் உயரத்தில் ஒரு பகுதியை எப்போதும் திரும்பி வருவதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டியுள்ளது.