மலைமிதிவண்டியின் முன்கவை

நம் பள்ளி மிதிவண்டிக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளுள் பல, மலைமிதிவண்டி என்னும் வகையைச் சேர்ந்தவை. செம்பனைக் காட்டிற்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் சிலரும் இவ்வகை வண்டியையே வைத்துள்ளனர். இவற்றின் முன்புறத்தில் பருத்த குழாய்கள் இரண்டு உள்ளன. அவற்றினுள்ளே சுருள்வில் இருக்கும். விற்பவர் இதனையே பெருஞ்சிறப்பாக எடுத்துக் கூறுவார். நாள்தோறும் பள்ளிக்கும் வேலைக்கும் சென்று வருவோர்க்கு இச்சுருள்வில் வேண்டுமா, இதனை அகற்றி விறைப்பான கவையைப் பொருத்தலாமா என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வினவினர். அவர்கட்கு விடையாகவே இதனை எழுதுகிறோம்.

முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நின்று, மேலே கைப்பிடியுடன் இணையும் உறுப்பே முன்கவை. பட்டறையில் இதனைப் 'போர்க்' என்பர். நம் பாட்டனார் காலத்து வண்டிகளில் இது வெறும் எஃகுக் குழாய். அசையும் பகுதி எதுவும் இல்லை. அதுவே விறைப்பான கவை.

சுருள்விற்கவை மலைச்சரிவில் பந்தயம் விடுவோர்க்காக வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையில் பணியாற்றிய பால் டர்னர் என்னும் அமெரிக்கர் ராக்‌ஷாக்ஸ் என்ற கவையை உருவாக்கினார். 1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், கிரெக் ஹெர்போல்ட் இக்கவை பூட்டிய வண்டியில் மலையிறக்கப் பந்தயத்தை வென்றார். அதன் பின்னர் இவ்வகைக் கவை எங்கும் பரவிற்று. பாறையிலும் வேரிலும் மோதி விரைந்து இறங்குவோர்க்கு அது இன்றியமையாதது, அதில் ஐயமில்லை.

ஆனால் மலிவான வண்டிகளில் வருவது அந்தக் கவை அன்று. தோற்றத்தில் மட்டுமே அதனை ஒத்தது. நல்ல கவையில், அமுங்கிய வில் துள்ளி எழாதவாறு எண்ணெய் அடக்கி வைக்கும். மலிவானவை பலவற்றில் வில் மட்டுமே உண்டு. அத்தகைய கவை இரண்டரைக் கிலோகிராம் வரை எடை கொண்டது. எஃகாலான விறைப்புக் கவையோ ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராமே இருக்கும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது நம் உழைப்பில் ஒரு பங்கு சக்கரத்திற்குச் செல்லாமல் வில்லை அமுக்குவதில் வீணாகிறது. மேலும், மழையும் செம்மண் சேறும் குழாய்களின் இடுக்கில் புகுந்து துருவையும் தேய்மானத்தையும் உண்டாக்குகின்றன. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். உள்குழாயும் வெளிக்குழாயும் கூடும் இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியுமாயின், கவை தேய்ந்துவிட்டது. ஆட்டம் மேலே கழுத்தில் தெரியுமாயின், அது பேரிங்கின் குறை. அதனை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். கவைக்காகப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

மாற்றுவதென முடிவு செய்தால், முதலில் அறியவேண்டியது கவையின் நீளம். பலரும் எடையையும் விலையையும் மட்டுமே பார்க்கின்றனர். சக்கர அச்சின் நடுவிலிருந்து கழுத்தின் கீழ்ப் பேரிங் அமரும் இடம் வரை உள்ள தொலைவே இந்நீளம். ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய கவையின் நீளம் 470 மில்லிமீட்டர். அது 100 மில்லிமீட்டர் வரை அமுங்கக் கூடியது. ஆள் ஏறி அமர்ந்தவுடன் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தாழும். எனவே, ஓடும்போது அதன் நீளம் 450 மில்லிமீட்டரே. புதிய கவையும் ஏறத்தாழ அந்த அளவினதாக இருத்தல் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததென்று 400 மில்லிமீட்டர் கவையைப் பூட்டினால், வண்டியின் முன்புறம் 50 மில்லிமீட்டர் தாழும். 20 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை என்ற கணக்கில், கழுத்தின் சாய்வு இரண்டரைப் பாகை மாறும். அப்போது கைப்பிடி சிறிது அசைந்தாலும் வண்டி வெடுக்கெனத் திரும்பும். திருப்பத்தில் மிதிகட்டை தரையில் உரசும். சிறிய சட்டம் உடைய வண்டியானால் பிள்ளையின் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கவும் கூடும். லாரி ஓடும் தார்ச்சாலையில் இது விளையாட்டன்று.

அடுத்து, கவையின் கழுத்துத் தண்டு சட்டத்துக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலான மலைமிதிவண்டிகளில் அதன் குறுக்களவு 28.6 மில்லிமீட்டர், பழைய வண்டிகள் சிலவற்றில் 25.4 மில்லிமீட்டர். தண்டில் மரை உண்டா, இல்லையா என்பதையும் பார்த்தே வாங்குக. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காயின் கவையில் அதற்கான முளைகள் இருத்தல் வேண்டும்; டிஸ்க் பிரேக்காயின் இடக்காலில் அதனைப் பூட்டும் இடம் வேண்டும். சக்கர அளவும் ஒத்திருக்க வேண்டும்.

தண்டை அறுத்துப் பேரிங் வளையத்தை ஏற்றும் வேலையைப் பட்டறைக்காரரிடமே விடுக. கூடுதலாக அறுத்துவிட்டால் புதுக்கவை வீணாகும். மரையில்லாத தண்டாயின், உச்சியிலுள்ள மூடித் திருகு பேரிங்கின் ஆட்டத்தை நீக்குவதற்கே. கைப்பிடியைப் பிடித்து நிற்பவை பக்கவாட்டுத் திருகுகளே. உச்சித் திருகை அளவாக இறுக்கிய பின்னரே அவற்றை இறுக்க வேண்டும். பிறர் கழித்த கவையை வாங்குவோர், கால்கள் கழுத்தோடு கூடும் பற்றுவைப்பை வெளிச்சத்தில் நன்கு ஆராய்தல் வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும், கால் சிறிது வளைந்திருந்தாலும் அதனைத் தொடவேண்டாம். பின்சக்கரம் கெட்டால் இறங்கி நடக்கலாம். முன்கவை முறிந்தால் இறங்குவதற்கு நேரம் இராது.

வில்லில்லாவிடில் கை வலிக்காதா என்று மாணவர் கேட்பர். ஓரளவு அதிர்வு கூடும், உண்மைதான். டயர்தான் அதற்கு மருந்து. இரண்டு அங்குல அகல டயரில் காற்றைக் கல்போல் அடைக்காமல், டயரின் பக்கவாட்டில் குறித்துள்ள எல்லைக்குள் சிறிது குறைத்து வைத்தால், சிறு கற்களின் அதிர்வைப் பெரும்பாலும் அதுவே தாங்கிக்கொள்ளும். முழுக்கப் பள்ளமான லாரித் தடத்தில் நெடுந்தொலைவு செல்வோரும், நன்றாக இயங்கும் கவை உடையோரும் மாற்ற வேண்டுவதில்லை. குழாய்களைத் துடைத்து வைத்தால் போதும். மாற்றியோர், முதல் ஒரு வாரம் பழகிய பாதையில் மெதுவாகச் சென்று, வார இறுதியில் கைப்பிடித் திருகுகளையும் பிரேக் கட்டைகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்க.