போர்வை மட்டும் போதுமா?



மழைக்கால இரவு. கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிவிட்டன. மூடிய கடை ஒன்றின் வாசலில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தலைக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாய். மூத்த பெண் தன் பள்ளிப் பை நனையாமல் இருக்க அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சென்னை போன்ற பெரிய ஊர்களில் இப்படி ஒரு காட்சியை நீங்களும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

"இவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டால் வகுப்பில் எல்லாக் கைகளும் உயரும். "சாப்பாடு!" "போர்வை!" "என் பழைய சட்டை!" எல்லாமே நல்ல பதில்கள்தான். பசித்தவருக்கு முதலில் சோறுதான் வேண்டும். ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. "இவர்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்?"

ஓட்டு வீடு ஒழுகினால் என்ன செய்வோம்? சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரம் வைப்போம். அது அப்போதைய அவசரத்துக்கு. மழை விட்டதும் கூரையில் ஏறி, உடைந்த ஓட்டை மாற்றுவோம். மாற்றாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். போர்வை கொடுப்பது பாத்திரம் வைப்பது மாதிரி. தெருவுக்கு வந்த காரணத்தைச் சரிசெய்வது ஓடு மாற்றுவது மாதிரி. இரண்டும் வேண்டும். இரண்டாவது வேலையைச் செய்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஓர் இரவில் எண்ணினார்கள்!

வீடு இல்லாதவர்களைக் கணக்கெடுக்க எந்தக் கதவைத் தட்டுவது? அதனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28 இரவில், அவர்கள் தூங்கும் இடங்களுக்கே தேடிச் சென்று எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், சாலையோரம் கிடக்கும் பெரிய சிமென்ட் குழாய் என்று எல்லா இடங்களிலும் பார்த்தார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் இருந்தவர்கள்.

உழைத்தும் வீடு இல்லையா?

"வேலை செய்யாமல் சோம்பி இருப்பதால்தான் தெருவில் இருக்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நடைபாதையில் வாழ்கிறவர்களில் பலர் விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி இழுக்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள், கட்டட வேலை செய்கிறார்கள். வடசென்னையில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்களும் உண்டு.

பிறகு ஏன் வீடு இல்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மாத வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். அப்படியானால் 40,000 ரூபாய் வேண்டும். சாப்பாட்டுச் செலவு போக ஒரு நாளைக்கு 50 ரூபாய் மிச்சம் பிடித்தால், அவ்வளவு பணம் சேர எத்தனை நாள் ஆகும்? 800 நாட்கள்! இரண்டு வருடத்துக்கும் மேலே. நடுவில் யாருக்காவது காய்ச்சல் வந்து ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாவிட்டால்? சேர்த்த பணம் கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காரணம் இது ஒன்றுதானா? இல்லை. குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்து கடன் ஏறிவிடும். வெள்ளத்திலோ தீயிலோ குடிசை போய்விடும். வேறிடத்தில் வீடு கிடைத்தாலும் அது வேலை செய்யும் சந்தையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும். சென்னையின் நடுவிலிருந்த பல குடும்பங்களுக்குக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வீடு கிடைத்தது. ஆனால் பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. தினமும் போய்வரும் பஸ் செலவும் நேரமும் தாங்காமல் சிலர் நடைபாதைக்கே திரும்பி வந்தார்கள். பார்த்தீர்களா? நான்கு சுவர் மட்டும் போதாது. பக்கத்தில் பிழைப்பும் வேண்டும்.

மனநோய் என்னும் காரணம்

கிழிந்த உடையும் சடை பிடித்த தலையுமாக, தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வந்திருப்பது மனதில் ஒரு நோய். காய்ச்சலுக்கு மருந்து இருப்பது போல அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், இப்படித் தெருவில் தவித்த பெண்களுக்காக 1993-ஆம் ஆண்டு 'தி பேன்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பேன்யன் என்றால் ஆலமரம். அப்போது இருவரும் இருபதுகளில்தான் இருந்தார்கள்!

அங்கே வரும் பெண்களுக்கு உணவும் உடையும் கிடைக்கும். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. மருத்துவம் தொடங்கும். மெல்ல மெல்ல நினைவு தெளிந்து, அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரைச் சொல்வார். சில நேரம் அது வடநாட்டில் ஒரு சின்னக் கிராமமாக இருக்கும். அவருடைய மொழி தெரிந்தவரைத் தேடி, முகவரியை விசாரித்து, கூடவே ரயிலேறிப் போய் வீட்டில் சேர்ப்பார்கள். மருந்து தொடர்ந்து கிடைக்கவும் ஏற்பாடு செய்வார்கள். மருந்து நின்றுபோனால் மறுபடி தெருவுக்கு வந்துவிடக்கூடும் அல்லவா?

திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள்? அவர்களுக்காகச் சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போல அங்கே வாழ்கிறார்கள். தாங்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகுகிறார்கள்.

ஒரு காகிதம் இல்லாவிட்டால்...

உங்கள் பிறப்புச் சான்றிதழ் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் இருப்பதில்லை. வாங்கி வைத்திருந்தாலும் மழையில் நனைந்து போய்விடும். கையில் சான்றிதழ் இல்லை, எழுதிக் கொடுக்க முகவரியும் இல்லை என்றால் அரசு தரும் உதவிகளைப் பெறுவது கூடக் கஷ்டம். அதனால் பெற்றோரின் கஷ்டம் பிள்ளைக்கும் வந்து சேர்கிறது.

வடசென்னையில் 1995 முதல் இயங்கும் 'கருணாலயா' என்ற அமைப்பு, தெருவில் வாழும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறது. நடைபாதைக் குடும்பங்களின் உரிமைகளுக்காகவும் பாடுபடுகிறது.

ஒரு சந்தோஷச் செய்தி! 2019 மே மாதம் லண்டனில் தெருவோரப் பிள்ளைகளுக்கான உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது. ஒவ்வொரு அணியிலும் சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்தே ஆடினார்கள். புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்து அணியை வென்று கோப்பையைத் தட்டிச் சென்றது 'தென்னிந்திய' அணி. சென்னையிலிருந்து சென்ற கருணாலயா பிள்ளைகளும் அதில் ஆடினார்கள்!

பெட்டிச் செய்தி: முதலில் வீட்டுச் சாவி!

நம் நாட்டில், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. காப்பகம் உயிரைக் காக்கும். ஆனால் அது நிரந்தர வீடு ஆகாதே!

குளிர் மிகுந்த ஃபின்லாந்து நாட்டில் 2008-இல் ஒரு புதிய திட்டம் தொடங்கினார்கள். தெருவில் இருப்பவருக்கு முதலிலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவது, வேலை தேடுவது, நோய்க்கு மருந்து எடுப்பது எல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகு என்பதுதான் திட்டம். அரசும், நகராட்சிகளும், தொண்டு நிறுவனங்களும் கைகோத்தன. 1980-களில் 15 ஆயிரத்துக்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2023-இல் 4 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2024-இல் அது மறுபடி கொஞ்சம் ஏறியது. மாற்றிய ஓட்டையும் அடிக்கடி கவனிக்க வேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்!

நாம் என்ன செய்யலாம்?

* உண்டியலில் சேர்த்த காசையோ பிறந்தநாள் பணத்தையோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்க ஆசையா? அப்பா அம்மாவுடன் சேர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். "இவர்கள் உதவி செய்தவர் ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறார்?" "வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்களா?" "உதவி பெறுகிறவரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறார்களா?" நல்ல அமைப்பு இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும்.

* மனநோயால் தெருவில் திரிபவரைக் கேலி செய்யாதீர்கள். கல் எறிகிற நண்பனையும் தடுத்து நிறுத்துங்கள். தனியாக அருகில் போக வேண்டாம், பெரியவரிடம் சொல்லுங்கள்.

* உங்கள் வயதுப் பிள்ளை யாராவது தெருவில் தனியாகத் தவிப்பதைப் பார்த்தால், பெரியவர் ஒருவரிடம் சொல்லி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.

* உங்கள் வகுப்பிலேயே வீடு இல்லாத பிள்ளை இருக்கலாம். "உன் வீடு எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் துருவாதீர்கள். பக்கத்தில் இடம் கொடுங்கள், நோட்டைப் பகிர்ந்து கொள்ளுங்கள்.

அடுத்த முறை நடைபாதையில் ஒரு குடும்பத்தைப் பார்த்தால், "பாவம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். "ஏன்?" என்று வீட்டில் கேளுங்கள், பள்ளியில் கேளுங்கள். நாளை நீங்கள் டாக்டராகலாம், கலெக்டராகலாம், வீடு கட்டும் இன்ஜினியராகலாம். அப்போதும் அந்தக் கேள்வியை மறக்காமல் இருந்தால், பல வீடுகளின் உடைந்த ஓடுகளை உங்களால் மாற்ற முடியும்!