களிம்புக் காசுக்குள் ஒரு சக்கரவர்த்தி!

கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். ஆனால் மேளச் சத்தம் இல்லை, பந்தியும் இல்லை. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு வரிசையாக மேஜைகள் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் கையுமாகக் குனிந்து நிற்கிறார்கள்.

நடப்பது நாணயக் கண்காட்சி. சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் இப்படி அவ்வப்போது நடப்பது உண்டு. பார்க்கிறவர்கள் பார்க்கலாம். பணம் இருக்கிறவர்கள் வாங்கலாம்.

தங்கக் காசு மேஜையில்தான் நெரிசல் அதிகம். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள்; அது வேறு விஷயம். ஓரத்து மேஜையில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் கறுப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன வில்லைகள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை. அங்கே பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் நிற்கிறான். பக்கத்தில் அவன் தகப்பனார்.

“இது எந்த ஊர்க் காசு, ஐயா?”

“ரோமாபுரிக் காசு, தம்பி. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு.”

பையன் தகப்பனாரைப் பார்க்கிறான். தகப்பனார் வியாபாரியைப் பார்க்கிறார். இவ்வளவு பழைய பொருள் பையனின் உண்டியல் பணத்துக்குக் கிடைக்குமா என்று அவருக்குச் சந்தேகம்.

கிடைக்கும். காரணம், இவை அந்தக் காலத்துச் சில்லறைக் காசுகள். செம்பில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த வெண்கலத்தில் அடித்தவை. ரோமாபுரி அரசாங்கம் இவற்றை அடித்துக் குவித்தது. 2010-ல் இங்கிலாந்தில் புரூம் என்ற ஊருக்கு அருகே, வயலில் புதைந்திருந்த ஒரே பானையில் 52,503 காசுகள் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டு சிப்பாய்கள்

தட்டிலிருந்து ஒரு காசை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். ஒரு பக்கம் ஒரு தலை. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி. கி.பி. 306 முதல் 337 வரை ஆண்டவர். மறுபக்கம் ஈட்டி ஏந்திய இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். சுற்றிலும் “படையின் பெருமை” என்று லத்தீன் மொழியில் எழுதியிருக்கிறது.

இந்தக் காசை 330-ல் அடிக்கத் தொடங்கினார்கள். ஐந்தாறு வருஷத்தில் காசு சிறுத்துப் போயிற்று. இடம் போதவில்லை. இரண்டு கொடிக்கம்பம் ஒன்றாகிவிட்டது! சிப்பாய்கள் மட்டும் இரண்டு பேராகவே நின்றார்கள். பணத்தின் மதிப்பு இறங்கிய கதையை இந்தக் காசிலேயே படித்துவிடலாம்.

சிப்பாய்களின் காலடியில் சில எழுத்துகள் இருக்கும். காசு அடித்த ஊரின் அடையாளம் அது. நம் ரூபாய் நாணயத்திலும் இந்த வழக்கம் உண்டு. வருஷத்துக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. அதேபோல ரோமாபுரிக் காசில் எஸ், எம், ஏ, என் என்ற எழுத்துகள் இருந்தால், பைபிளில் வருகிறதே அந்தியோகியா, அந்த ஊர்த் தங்கசாலையில் அடித்தது என்று பொருள்.

புளி வேண்டாம்!

காசை வீட்டுக்குக் கொண்டுபோனதும் பாட்டி என்ன சொல்வார்? “ஐயே, களிம்பு! புளி போட்டுத் தேய்டா, பளபளன்னு ஆகும்” என்பார். பித்தளைக் குடத்துக்கு அது சரி. பழங்காசுக்கு அது எமன். கறுப்பும் பச்சையுமாய்ப் படிந்த மேல்தோலில்தான் எழுத்தின் விளிம்புகள் தங்கியிருக்கின்றன. புளித் தண்ணீர் அதைத் தின்றுவிடும். சக்கரவர்த்தியின் மூக்கும் அதோடு போய்விடும்.

ஒரே ஒரு பச்சைக்குப் பயப்பட வேண்டும். தொட்டால் பொடியாக உதிரும் வெளிர்ப் பச்சை. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அப்படிப்பட்ட காசை வாங்காமல் இருப்பது நல்லது.

போலிகளும் உண்டு. உண்மைக் காசு சம்மட்டியால் அடித்தது. அதனால் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், விளிம்பு வெடித்திருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியிலோ ஓரத்தில் ஒட்டுக் கோடு தெரியும். ஊசிமுனைக் குழிகள் தெரியும். அழகாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது.

மதுரைக் கடைவீதியில்

ரோமாபுரிக் காசு தமிழ்நாட்டு மேஜைக்கு எப்படி வந்தது? எல்லாம் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வந்தவை அல்ல. கரூர், மதுரை வட்டாரத்து மண்ணிலேயே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் சில்லறைக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இலங்கையிலும் கிடைத்துள்ளன. அதற்கு முன்பு மிளகுக்கு விலையாகத் தங்கமும் வெள்ளியும் வந்தன. பின்னால் வந்தது இந்தச் சில்லறை. பல காசுகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. ஆகவே இங்கேயும் கைமாறிப் புழங்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ரோமாபுரிச் சிப்பாய் பதித்த காசைக் கொடுத்து மதுரையில் யாரோ ஒருத்தி உப்பு வாங்கியிருக்கலாம்!

இவற்றைத் தேடித் தொகுத்து 1994-ல் ஒரு நூலே எழுதியவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. நாளிதழ் ஆசிரியராக இருந்தவர், 2021-ல் காலமானார். அவர் வாங்கிய பழங்காசுகளில் ஒன்றைச் சுத்தப்படுத்திப் பார்த்தபோது குதிரை உருவமும், மேலே தமிழ் பிராமி எழுத்தும் தெரிந்தன. படித்தார். “பெருவழுதி”! சங்கப் பாட்டில் வரும் பாண்டியர் பெயர், அவர்கள் காசிலேயே கிடைத்துவிட்டது. பழைய செம்பு என்று எடைக்குப் போட்டிருந்தால் அது பாத்திரமாகியிருக்கும்.

எங்கே கிடைத்தது?

மண்ணைத் தோண்டும்போது காசு அகப்பட்டால், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நூறு வருஷம் கடந்த காசுகளை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். வாங்கியவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

ஆனால் மேஜைக்கு வரும் பெரும்பாலான காசுகளுக்குப் பிறந்த ஊர் தெரிவதில்லை. ஆற்று மணலில் கிடைத்ததா, வீட்டுக் கடைக்காலில் கிடைத்ததா, எந்த ஊரில், எத்தனை சேர்ந்து கிடைத்தன? இரண்டு கை மாறியதும் அந்தச் செய்தி போய்விடுகிறது. காசு இருக்கிறது; அதன் ஜாதகம் தொலைந்துவிட்டது.

பையன் ஒரு காசைத் தேர்ந்தெடுத்துவிட்டான். தகப்பனார் பணத்தை எண்ணிக் கொடுத்துப் பில் வாங்கிக்கொண்டார். பையன் நகரவில்லை.

“இது எங்கே கிடைச்சது, ஐயா?”

வியாபாரி அவனை ஒரு தடவை பார்த்தார்.

“கரூர்க்காரர் ஒருத்தர் கிட்ட வாங்கினேன், தம்பி. அமராவதி ஆத்து மணல்லே சலிச்சு எடுத்ததுன்னு சொன்னார்.”

“அதையும் எழுதிக் கொடுங்க.”

வியாபாரி சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கவரை எடுத்தார். அமராவதி, கரூர் என்று எழுதினார். காசை உள்ளே போட்டுப் பையன் கையில் கொடுத்தார்.