பிளாக்குக்கு டொமைன் நேம்: பத்து வருஷம் கழிச்சும் உங்க கையில இருக்குமா?

பிளாக் ஆரம்பிக்கப் போறேன்னு சொல்ற நண்பர்கள் என்கிட்ட முதல்ல கேட்கிறது, "டொமைனுக்கு என்ன பேர் வைக்கலாம்?" நான் திருப்பிக் கேட்கிறது வேற: "பத்து வருஷம் கழிச்சும் அந்தப் பேர் உங்க கையில இருக்குமா?" இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப்போறோம்.

சொந்த டொமைன் எதுக்கு?

தமிழில் பிளாக் எழுத வந்தவங்க நிறைய பேர் பிளாக்ஸ்பாட்டில்தான் ஆரம்பிச்சாங்க. 2012-இல் கூகுள், இந்தியாவிலிருந்து படிக்கிறவங்களை பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன்னுக்குத் திருப்பிவிட ஆரம்பிச்சது. வாசகர்களும் அட்ரஸ் பாரில் தெரிஞ்ச அந்த டாட் இன் லிங்க்கையே காப்பி பண்ணிப் பகிர்ந்தாங்க. 2020-இல் அந்த டாட் இன் டொமைன் கூகுள் கையை விட்டே போயிடுச்சு. பதிவுகள் டாட் காமில் பத்திரமா இருந்தன. பகிர்ந்த பழைய லிங்க்குகள் வேலை செய்யல. எழுதினவங்களால ஒண்ணும் பண்ண முடியல. காரணம், முகவரி அவங்களுடையது இல்லை.

சொந்த டொமைன் உங்க மொபைல் நம்பர் மாதிரி. கம்பெனியை மாத்தினாலும் நம்பரை போர்ட் பண்ணிக்கலாம் இல்லையா? அதே மாதிரி ஹோஸ்டிங்கை மாத்தினா, டிஎன்எஸ் செட்டிங்கில் புது சர்வரோட ஐபி முகவரியைப் போட்டா போதும். பதிவுகளோட முகவரியில் டொமைனுக்குப் பின்னால வர்ற பகுதியையும் மாத்தாம வெச்சுக்கிட்டா, பழைய லிங்க் எல்லாம் அப்படியே வேலை செய்யும்.

காதால கேட்டு டைப் பண்ண முடியுமா?

தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கல். 'மழை'ன்னு பேர் வைக்கிறீங்கன்னு வெச்சுப்போம். ழகரத்துக்கு இஸட்-எச் போடுவீங்களா, எல் போடுவீங்களா? எல் போட்டா மலைன்னும் படிக்கலாம், மாலைன்னும் படிக்கலாம்.

ஒரு டெஸ்ட் சொல்றேன். மூணு பேருக்கு ஃபோன் பண்ணி, பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ஸ்பெல்லிங் சொல்லாதீங்க. அதை ஆங்கில எழுத்தில் டைப் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. மூணு பேரும் மூணு விதமா அனுப்பினா, அந்தப் பேர் வேண்டாம். ஹைஃபனும் எண்ணும் இதே டெஸ்டில்தான் மாட்டும்.

அப்புறம், இன்னிக்கு எழுதுற சப்ஜெக்டைப் பேராக வைக்காதீங்க. பைத்தான்னு பேர் வெச்சுட்டு நாளைக்குப் பயணக் கட்டுரை எழுத முடியாது. சொந்தப் பேர் எல்லாத்துக்கும் பொருந்தும். அது ஏற்கெனவே போயிருந்தா இனிஷியலைச் சேர்க்கலாம். முன்னாடியா பின்னாடியான்னு முடிவு பண்ணி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வெச்சுக்கோங்க.

தமிழ் எழுத்திலேயே வாங்கலாமா?

வாங்கலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூணும் தமிழ் எழுத்திலேயே இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள அது பியூனிகோடா மாறும். காப்பி பண்ணி ஒட்டினா, எக்ஸ்-என்னில் ஆரம்பிக்கிற புரியாத ஒரு நீள வரிசை வந்து நிக்கலாம். தமிழ் எழுத்தில் இருக்கிற இமெயில் முகவரியை ஏத்துக்காத ஃபார்ம்களும் உண்டு. ஆசை இருந்தா இரண்டாவது முகவரியா வாங்கி, முதல் முகவரிக்குத் திருப்பிவிடுங்க.

டாட்டுக்குப் பின்னால யார்?

இரண்டெழுத்தில் முடியற டொமைன் எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ ஒதுக்கினது. நம்ம துறையில எல்லாரும் ஆசைப்படுற டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தத் தீவுகளை மொரீஷியசுக்கு ஒப்படைக்கிற ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தாச்சு. அதனால டாட் ஐஓ நாளைக்கே போயிடும்னு நான் சொல்லல. ஆனா நாடு மாறினா டொமைனும் போனதுக்கு உதாரணம் இருக்கு. யூகோஸ்லாவியாவோட டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியில், பிரிட்டன் முகவரியில் பதிவான டாட் ஈயூ பேர்கள் ஆயிரக்கணக்கில் முடக்கப்பட்டன. இந்தியாவில் இருக்கிறவங்களுக்கு டாட் காம் அல்லது டாட் இன் போதும்.

இது வாடகைதான்

டொமைனை யாரும் விலைக்கு வாங்குறதில்லை. டாட் காமை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு செய்யலாம். முதல் வருஷ ஆஃபரைப் பார்க்காதீங்க. ரினியூவல் விலையைப் பாருங்க. வருஷா வருஷம் கட்டப்போறது அதுதான்.

கட்ட மறந்தா என்ன ஆகும்? ரிஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் அவகாசம் தரலாம். பேர் நீக்கப்பட்டா, அதுக்கப்புறம் 30 நாளுக்குள்ள கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் தாண்டினா இன்னும் 5 நாள். பிறகு யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

அதனால ரெண்டு வேலையை இன்னிக்கே செய்யுங்க. ஆட்டோ ரினியூவலை ஆன் பண்ணுங்க. ரிஜிஸ்ட்ரார் கணக்குக்கு, அதே டொமைனில் இருக்கிற இமெயிலைக் கொடுக்காதீங்க. டொமைன் நின்னா அந்த இமெயிலும் நிக்கும், நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டையும் மீட்க முடியாது.

பேர் முடிவாயிடுச்சா? ஒரு வருஷத்துக்குப் பதிவு பண்ணி முதல் பதிவை எழுதுங்க. லிங்க்கை எனக்கும் அனுப்புங்க, படிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.