14,000 பேர் படிக்கும் ஆபீஸ்

ஆபீஸுக்குள் சிறுத்தை வந்துவிட்டது!

2024-ஆம் ஆண்டின் கடைசி நாள். மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தின் கேமராவில், அதிகாலை இருட்டில் ஒரு சிறுத்தை சாவகாசமாக நடந்து போனது பதிவாகியிருந்தது. விடிந்ததும் ஊழியர்களுக்குத் தகவல் பறந்தது: இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள். வளாகத்துக்குள்ளேயே தங்கிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 4,000 பேருக்குத் திடீர் விடுமுறை. வனத்துறையினர் கூண்டு, ட்ரோன் சகிதம் தேட ஆரம்பித்தார்கள். விடுதி ஜன்னல்களில் எத்தனை முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்!

ஆபீஸுக்குள் எப்படிச் சிறுத்தை வரும் என்று கேட்பவர்கள் அந்த ஆபீஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது 337 ஏக்கர். மரங்கள், ஏரி, புல்வெளி, நடுநடுவே வகுப்பறைகளும் விடுதிகளும். இந்தியாவின் மென்பொருள் தொழில் எப்படி வளர்ந்தது, அதில் போட்ட பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாராவது கேட்டால், பங்குச்சந்தை வரைபடத்தைக் காட்டாதீர்கள். கையைப் பிடித்து இந்த வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பணம் இங்கே கட்டடமாக, கட்டிலாக, சோற்றுத் தட்டாக, பரீட்சைத் தாளாகக் கண்ணெதிரே இருக்கிறது.

வாங்க, உள்ளே போவோம்.

முதலில் கண்ணில் படுவது ஓர் உருண்டை. நிஜமாகவே உருண்டை! பிரம்மாண்டமான பந்து ஒன்று தரையில் வந்து உட்கார்ந்ததைப் போன்ற அந்தக் கட்டடம்தான் சினிமா தியேட்டர். படிப்பு முடிந்த சாயங்காலங்களில் டிரெய்னிகள் அங்கே படம் பார்க்கிறார்கள். நீச்சல் குளம் உண்டு, பௌலிங் ஆடும் இடம் உண்டு, ஜிம் உண்டு, வளாகத்துக்குள் சுற்றி வர சைக்கிள்கள் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்த பிள்ளைகள் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பும் படங்கள் எல்லாம் இவைதான். "இது காலேஜா, ஆபீஸா, ஓட்டலாடா?" என்று அம்மா போனில் கேட்பார். மூன்றும்தான் அம்மா!

அடுத்து, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடம். இங்குள்ள பயிற்சி மையமான குளோபல் எஜுகேஷன் சென்டரின் இரண்டாம் கட்டம். ரோமாபுரிக் கட்டடங்களின் சாயலில் நெடிய தூண்கள், நடுவில் குவிமாடம். மும்பைக் கட்டடக் கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டரின் கைவண்ணம். 2009 செப்டம்பர் 15 அன்று, அதாவது விசுவேசுவரய்யாவின் பிறந்தநாளான பொறியாளர் தினத்தில், சோனியா காந்தி இதைத் திறந்துவைத்தார். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க எதற்கு ரோமானியத் தூண் என்று முகம் சுளித்த கட்டடக் கலைஞர்கள் உண்டு. எனக்கு அந்தத் தூண்கள் பிடிக்கும். தன் ஊரில் அரசுப் பள்ளியின் ஓட்டுக் கூரைக்குக் கீழே படித்த ஒரு பெண், முதல் வேலைக்காக அந்தப் படிகளில் ஏறும்போது அவள் நெஞ்சு நிமிர்கிறதே, அதற்கு ஒரு விலை கொடுக்கலாம்.

மையத்தின் இரண்டு கட்டங்களும் சேர்ந்தால் ஒரே நேரத்தில் சுமார் 14,000 பேருக்குப் பாடம் நடத்தலாம். சுமார் 200 வகுப்பறைகள், 400 ஆசிரியர்கள். 2015-ஆம் ஆண்டு நடுவிலேயே 1,25,000 பொறியியல் பட்டதாரிகள் இங்கே பயிற்சி முடித்து வெளியேறியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து "மைசூருல டிரெய்னிங் எடுத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கதவாவது திறக்கும்.

சரி, ஒரு கம்பெனி ஏன் இப்படிக் கொட்டிக் கட்ட வேண்டும்?

இங்கேதான் எனக்குப் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. மில் முதலாளி பணம் போட்டால் தறி வாங்குவார். கார் கம்பெனி பணம் போட்டால் தகடு வளைக்கும் இயந்திரம் வாங்கும். ஐடி சேவைத் தொழிலில் வாங்குவதற்கு இயந்திரமே கிடையாது. லண்டன் வங்கி ஒன்றின் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கவோ, அமெரிக்கக் கடைச் சங்கிலி ஒன்றின் சரக்குக் கணக்கைப் புதிய அமைப்புக்கு மாற்றவோ, தேவைப்படுவது ஆள். அந்த ஆள் எந்தப் பொறியியல் பிரிவிலும் பட்டம் வாங்கியிருக்கலாம். மெக்கானிக்கல் படித்தவருக்கும் சிவில் படித்தவருக்கும் ஜாவா எழுதச் சொல்லித்தந்து, குழுவாக வேலை செய்யப் பழக்கி, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுத வைத்து, அதற்குப் பிறகுதான் அவருடைய உழைப்புக்கு மணிக்கணக்கில் பில் போட முடியும். அதுவரை சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் செலவுக் கணக்கு. காவிரிப் படுகைக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மைசூரு ஒரு நாற்றங்கால். இங்கே நெருக்கமாக வளர்த்து, பிடுங்கிக் கட்டி, சென்னை, புனே, புவனேஸ்வர், திருவனந்தபுரம் என்று வயல்வயலாகக் கொண்டுபோய் நடுகிறார்கள்.

தொழில் பெருத்த கணக்கைப் பாருங்கள். 1981 ஜூலையில் புனேயில் ஏழு பொறியாளர்கள், அவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி தந்த 10,000 ரூபாயில் தொடங்கிய கம்பெனி இது. ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்யவே டெல்லிக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்த காலம். 1993-இல் பங்கு வெளியீட்டுக்கு வந்தபோது ஒரு பங்கு 95 ரூபாய். முழுசாக வாங்க ஆளில்லை! அன்று யாராவது 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கி, ஒன்றைக்கூட விற்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், போனஸும் பங்குப் பிரிப்புமாகப் பெருகி இன்று 1,02,400 பங்குகள். ஒரு பங்கை வெறும் ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் 10 கோடிக்கு மேல். 1999-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் இந்தியக் கம்பெனியும் இதுதான். 2024-25 நிதியாண்டில் அதன் வருமானம் 1,62,990 கோடி ரூபாய், ஊழியர்கள் 3,23,578 பேர். வகுத்துப் பார்த்தால், வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்து, ஆளுக்கு ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய் வருமானம்!

இதே தொழிலில் டிசிஎஸ், விப்ரோ, எச்சிஎல் என்று மற்ற பெரிய தலைகளும் உண்டு. எல்லாம் சேர்ந்த இந்தியத் தொழில்நுட்பத் துறையின் வருமானம் அதே ஆண்டில் சுமார் 28,260 கோடி டாலர் என்றும், வேலை செய்வோர் 58 லட்சம் பேர் என்றும் அத்துறையின் சங்கமான நாஸ்காம் மதிப்பிட்டது. ஆனால் 14,000 பேரை ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் துணிச்சலைக் கட்டடமாகக் காட்டிய ஊர் மைசூரு.

மூர்த்திக்கும் மைசூருவுக்கும் பழைய பந்தம். மைசூரு நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங்கில் படித்து 1967-இல் பட்டம் வாங்கியவர் அவர். ஊரும் படிப்புக்குப் புதிதில்லை. 1916-லேயே பல்கலைக்கழகம் கண்ட ஊர். நாம் ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிறார்களே, அந்த அழியாத மை தயாராவதும் இங்கேதான், 1937-இல் மகாராஜா தொடங்கிய மைசூர் பெயிண்ட்ஸ் ஆலையில். தொழில் வளர்ப்பதை அரண்மனையே முன்னின்று செய்த ஊருக்குள், இந்த வளாகம் ஒட்டாமல் நிற்கவில்லை.

இனி வகுப்புக்குள் எட்டிப் பார்ப்போம். தியேட்டரும் நீச்சல் குளமும் படத்தில் தெரியும், இது தெரியாது. காலையில் வகுப்பு, மதியம் லேப், இரவு விடுதி அறையில் மறுபடி கோடிங். முதலில் எல்லோருக்கும் பொதுவான 'ஜெனரிக்': நிரல் எழுதும் அடிப்படை, தரவுத்தளம், இந்த மாதிரி. அதற்குப் பிறகு 'ஸ்ட்ரீம்'. யாருக்கு ஜாவா, யாருக்கு டெஸ்டிங், யாருக்கு மெயின்ஃப்ரேம் என்று பிரியும் நாளில் விடுதி வராந்தா அல்லோலகல்லோலப்படும். "மச்சான், உனக்கு என்ன ஸ்ட்ரீம்டா?" என்பதுதான் அன்றைய ஒரே கேள்வி. பயிற்சியின் நீளம் காலத்துக்குக் காலம் மூன்று நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மாறியிருக்கிறது. பரீட்சை மட்டும் மாறவில்லை. பரீட்சைக்கு முந்தின இரவில் தியேட்டர் பக்கம் யார் போவார்கள்? கல்லூரியில் கடைசி பெஞ்சில் தூங்கியவன் இங்கே இரண்டு மணி வரை விழித்திருப்பான். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஒடிசாக்காரி, எலெக்ட்ரிக்கல் படித்த ஈரோட்டுக்காரிக்குப் பாயிண்டரை அரைகுறை இந்தியும் அரைகுறை ஆங்கிலமும் கலந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். இங்கே படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பது ரோமானியத் தூண்களை விட அந்த இரவுகளைத்தான்.

முன்பெல்லாம் திங்கள்கிழமை டை கட்ட வேண்டும்! 2015-இல் அந்த உடை விதி தளர்ந்து எல்லா நாளும் டீ-சட்டை, ஜீன்ஸ் என்று ஆனது. 2006-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகப் படித்து முடித்தவர்களையும் வேலைக்கு எடுத்து, விமானம் ஏற்றி, இதே வளாகத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். வேலை கற்றுக்கொள்ள அமெரிக்கா போன கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

நாற்றங்காலில் நாற்று எவ்வளவு என்று பார்த்தால் வெளியே மழை எப்படி என்று தெரிந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு உலகமே டிஜிட்டலுக்குத் தாவிய 2021-22-இல் இன்ஃபோசிஸ் ஒரே ஆண்டில் 85,000 புதியவர்களை எடுத்தது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 27.7 சதவீதம், அவ்வளவு கிராக்கி. இரண்டே ஆண்டில், 2023-24-இல், புதியவர்களின் எண்ணிக்கை 11,900 ஆகச் சுருங்கியது. மேலை நாட்டு வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்ததும் முதல் அடி விழுந்தது புதிதாக வரவேண்டியவர்களின் தலையில். அடுத்த ஆண்டு மறுபடி 15,000. கம்பெனி அறிக்கையில் வரும் எதிர்பார்ப்புச் சதவீதங்களை விட, ஹெப்பாள் விடுதியில் இரவில் எத்தனை ஜன்னலில் வெளிச்சம் என்பது எனக்கு நம்பகமான கணக்கு.

அந்த வெளிச்சம் சிலருக்கு அணைந்ததையும் சொல்லியே ஆக வேண்டும். 2025 பிப்ரவரியில், மூன்று வாய்ப்புகளிலும் உள்பரீட்சையில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட டிரெய்னிகள் ஒரே மூச்சில் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு என்பது இருபது ஆண்டுக்கு மேலான நடைமுறை என்றது நிறுவனம். தொழிலாளர் துறை வரை விவகாரம் போனது. இவர்களில் பலர் 2022-இல் படிப்பை முடித்து, கையில் வேலைக் கடிதத்தோடு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2024-இன் பிற்பகுதியில் வந்து சேர்ந்தவர்கள். அந்த இரண்டு ஆண்டில் படித்தது மறந்திருக்கும், வீட்டில் கடன் ஏறியிருக்கும். பரீட்சை வைப்பதில் தவறில்லை. காக்க வைத்ததற்கும் சேர்த்து அவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். புதியவர்களின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பத்தாண்டுக்கும் மேலாக நிற்பதும் இதே கணக்கில்தான் சேரும். 14,000 பேர் படிக்க இடம் கட்டிய தொழிலுக்கு, அவர்கள் கையில் கொடுப்பதிலும் அதே தாராளம் வர வேண்டும்.

ஊர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை திறந்தது: 118 கிலோமீட்டர், சுமார் 8,480 கோடி ரூபாய். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணியாகச் சுருங்கிவிட்டது. பெங்களூருவின் நெரிசலுக்கு வெளியே தொழிலைக் கொண்டுபோக கர்நாடக அரசு 'பியாண்ட் பெங்களூரு' என்று ஒரு திட்டமே நடத்துகிறது, அதில் மைசூருவுக்கு முக்கிய இடம். 2022 நவம்பரிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ரயில். ஆனாலும் டிரெய்னிகளின் ரயில் காவேரி எக்ஸ்பிரஸ்தான்! தெற்கத்திப் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ். கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக பஸ். லாங் வீக்கெண்டில் இந்த மூன்றிலும் டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இப்போது வகுப்பறையில் புதிய பாடம் நுழைந்திருக்கிறது. நிரலைத் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவு. முதல் வருடப் புதியவர் செய்யும் வேலையைத்தான் அது முதலில் செய்யக் கற்றுக்கொண்டது. அதனால் அது எழுதியதைப் படித்துத் தவறு பிடிக்கவும், அதைக் கொண்டு வேகமாக முடிக்கவும் டிரெய்னிகள் பழக வேண்டியிருக்கிறது. அப்படியும் 2025-26-இல் 20,000 புதியவர்களை எடுக்கப்போவதாக இன்ஃபோசிஸ் அறிவித்தது. நாற்றங்கால் காலியாகவில்லை.

கடைசியில் வரும் பாருங்கள் ஒரு நாள், போஸ்டிங் நாள். யாருக்கு எந்த ஊர் என்று மின்னஞ்சல் வரும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல், சென்னை. புனே வந்தவளைச் சமாதானப்படுத்த நாலு பேர் ஓடுவார்கள். புவனேஸ்வர் வந்தவன் கூகுளில் ஊரைத் தேடுவான். சென்னை வந்தவர்கள் ஒரு நிமிடம் குதித்துவிட்டு, உடனே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள்: எந்த வளாகம், சோழிங்கநல்லூரா, மகிந்திரா சிட்டியா? செங்கல்பட்டு பக்கம் ரூம் வாடகை எவ்வளவுடா?