‘ஒரே ஊசியில் புற்றுநோய் மாயம்’: அல்பாக் கதிர்ச் சிகிச்சை பற்றி அறிய வேண்டியவை

‘ஒரே ஊசியில் புற்றுநோய் மாயம்’ என்றொரு காணொளி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காணியை விற்றாவது வெளிநாடு போய் அதைச் செய்யலாமா என்று ஒரு மாணவனின் தந்தை என்னிடம் கேட்டார். நான் வைத்தியர் அல்ல. ஆனால் அந்தக் காணொளி பேசும் அல்பாத் துணிக்கையை வருடாவருடம் கரும்பலகையில் வரைபவன்.

ஒரு தாள் போதும், அல்பாத் துணிக்கையைத் தடுத்துவிடலாம். இதைப் பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருப்பார்கள். உடலுக்குள் அது செல்லும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவு. அதாவது சில கலங்களின் அகலம். அந்தச் சிறு தூரத்திற்குள் தன் சக்தி முழுவதையும் கொட்டிவிடுவதால் டீஎன்ஏயின் இரு இழைகளும் அறுகின்றன. அதைத் திருத்துவது கலத்துக்குக் கடினம். ஆகவே கதிரைப் புற்றுக் கலத்தின் அருகிலேயே கொண்டுபோய் விடவேண்டும்.

ரேடியம்-223 இதைத் தானாகவே செய்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் கல்சியம் இருக்கும் அதே கூட்டத்தில்தான் ரேடியமும் இருக்கிறது. என்பில் புற்று பரவிய இடங்கள் கல்சியத்தை அதிகம் இழுக்கும்; கூடவே ரேடியத்தையும் இழுத்துக்கொள்கின்றன. அதன் அரைவாழ்வுக்காலம் சுமார் 11 நாட்கள். புரோஸ்டேட் புற்றுநோய் என்புக்குப் பரவியவர்களுக்காக 2013இல் அமெரிக்கா இதை அங்கீகரித்தது. ஊசி ஒன்றல்ல, நான்கு வாரத்திற்கு ஒன்றாக ஆறு.

பலன் என்ன? பெரிய ஆய்வில், இம்மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 14.9 மாதங்கள், பெறாதோருக்கு 11.3. மூன்றரை மாதம் சிறிதல்ல, ஆனால் ‘மாயம்’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. ஈரல் போன்ற உள்ளுறுப்புகளுக்குப் பரவியிருந்தால் இது பொருந்தவும் மாட்டாது.

காணொளியில் காட்டப்படும் வியப்பூட்டும் ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் அக்டினியம்-225 சம்பந்தப்பட்டவை. புரோஸ்டேட் புற்றுக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைத் தேடி ஒட்டும் மூலக்கூறில் அதை ஏற்றி அனுப்புகிறார்கள். ஜேர்மனியின் ஹைடில்பேர்க் குழு 2016இல் வெளியிட்ட இரு நோயாளிகளின் படங்கள் உண்மையிலேயே வியக்க வைத்தன. ஆனால் அதே புரதத்தைத் தேடும் மூலக்கூறு உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் தங்குகிறது. வாய் வறண்டு, சாப்பிட முடியாமல் சிகிச்சையை நிறுத்தியவர்களும் உண்டு. அக்டினியம் கிடைப்பதும் அரிது. பல வருடங்களாக அதில் பெரும்பகுதி பழைய யுரேனியம்-233 இருப்பிலிருந்து பிரித்த தோரியத்திலிருந்தே வந்தது.

அந்தத் தந்தையிடம், காணிப் பேச்சை எடுக்கமுன் புற்றுநோய் வைத்தியரிடம் இரண்டு விடயங்களைக் கேட்கச் சொன்னேன்: இது எந்தப் புற்றுநோய், எங்கே பரவியிருக்கிறது?