தாய் முயல் குட்டிகளைக் கைவிடவில்லை

மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாக எங்களுக்கு ஒரு சோடி முயல் கிடைத்தது. முதல் ஈற்றில் ஆறு குட்டிகள். தாயோ பகல் முழுவதும் குட்டிகளின் பக்கம் போகாமல் கூட்டின் மறுமூலையில் படுத்திருந்தது. குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து, பசுப்பாலைப் பஞ்சில் தோய்த்து அவற்றின் வாயில் விட்டேன். மூன்று நாளில் ஆறும் செத்துப்போயின. குட்டிகளை விற்றுப் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவைப் பார்க்கலாம் என்றிருந்த வீட்டுக்கு அது சிறிய இழப்பல்ல.

பிழை தாயில் இல்லை, என்னில்தான் என்பதை முயல் வளர்க்கும் அயலவர் ஒருவர் பிறகு விளங்கப்படுத்தினார். நாய், பூனை போல முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்காது. 24 மணித்தியாலத்தில் ஒரு தடவை, சிலவேளை இரண்டு தடவை, பெரும்பாலும் இரவிலோ விடியப்புறத்திலோ வந்து, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். அடிக்கடி போய்வந்தால் குட்டிகள் இருக்கும் இடம் பகை விலங்குகளுக்குத் தெரிந்துவிடும். விலகி இருப்பதுதான் முயலின் காவல்.

ஆகவே தாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். காலையில் குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இறுக்கமாக இருக்கும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். எல்லாம் ஒட்டியிருந்தால் தாயைப் பெட்டிக்குள் வைத்து, மெதுவாகத் தடவிப் பிடித்து, குட்டிகளைக் குடிக்க விடுங்கள். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் ஈன்ற வேறு முயல் இருந்தால் அதனோடும் சேர்க்கலாம். வாயில் வலிந்து விடும் பால் சுவாசப்பைக்குள் போனால் குட்டி பிழைக்காது.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28ஆம் நாளே ஒரு மரப்பெட்டியில் காய்ந்த வைக்கோலைப் பரப்பிக் கூட்டுக்குள் வையுங்கள். தாய் தன் மயிரைப் பிடுங்கி அதில் மெத்தை போடும். ஈன்ற தாய்க்குத் தண்ணீர் குறையக்கூடாது. தாகமும் பயமும் தாயே குட்டியைக் கடிப்பதற்குக் காரணமாகலாம். கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் வைத்தால் எறும்பு ஏறாது.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பார்கள். வீட்டு முயலில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. கையைக் கழுவி, தாயின் மயிரில் தேய்த்துக்கொண்டு, நாளுக்கு ஒரு தடவை குட்டிகளை எண்ணுங்கள். செத்த குட்டியை உடனே அகற்றுங்கள். வெளியே விழுந்த குட்டியைப் பூனை போலத் தாய் கவ்விக்கொண்டு போகாது; நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். அது குளிர்ந்திருந்தால் முதலில் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். மாரியில் நனையாமலும் குளிர்காற்றுப் படாமலும் மறைப்புக் கட்டுங்கள். வன்னி வெயிலில் குட்டிகள் பிரிந்து கிடந்து மூச்சு வாங்கினால், மயிரில் கொஞ்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு கிழமையில் மெல்லிய மயிர் மூடும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். அதன் பிறகும் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். சீழ் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்றாம் கிழமையில் பெட்டியை விட்டு வெளியே வந்து புல்லைக் கொறிக்கத் தொடங்கும். ஈரப்புல் கொடுக்காமல் வாடவிட்டுக் கொடுங்கள். ஆறு கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றோட்டம் வந்து, வளர்ந்த குட்டியும் போய்விடும்.

அடுத்த ஈற்றிலும் தாய் மறுமூலையில்தான் படுத்திருந்தது. நான் பஞ்சை எடுக்கவில்லை. விடிய எழும்பிப் பெட்டியைத் திறந்தேன். ஏழு வயிறும் உருண்டிருந்தன.